நெளிந்த பால்டின்னும் யாக்கோபின் ஆட்டுத்தோலும்

கேள்வி:

ஐயா, யாங்கூனில் என் மாமனாரின் அரிசி, பருப்புக் கடையைப் பத்து வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சில்லறை அரிசி அளக்கக் கடையில் இரண்டு பால்டின் உண்டு. ஒன்று நல்லது. மற்றதற்கு அடியில் உள்பக்கமாக ஒரு நெளிவு. எதை யாருக்கு எடுக்க வேண்டும் என்று மாமாவே சொல்லிக்கொடுத்தார். பருப்பு வாங்கும்போது வீசைக்கு 1.65 கிலோ, விற்கும்போது 1.6 கிலோ. கேட்டால் "இது ஊர் வழக்கம்" என்பார்.

அது அவர் சொல்லிச் செய்தது. ஆனால் 2022 ஜூலையிலிருந்து இரண்டு வருடம் நானாகவே கல்லாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். மொத்தம் 18 லட்சம் கியாட் இருக்கும். எனக்குச் சம்பளம் என்று எதுவும் கிடையாது, செலவுக்குத்தான் தருவார். அதனால் அப்போது தவறாகத் தெரியவில்லை. மகள் டியூஷனுக்கும் மனைவிக்கு ஒரு வளையலுக்கும் அந்தப் பணம் போயிற்று. சீட்டு விழுந்தது என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது சபையில் என்னைப் பொருளாளராகச் சொல்கிறார்கள். தூக்கம் வரவில்லை. யாக்கோபு பெற்ற தகப்பனையே ஏமாற்றினார், ஆசீர்வாதம் அவருக்குத்தானே போனது? எகிப்தில் மருத்துவச்சிகள் பொய் சொன்னார்கள், தேவன் அவர்களுக்கு நன்மை செய்தாரே? "பொய்மையும் வாய்மை யிடத்த" என்று வள்ளுவரும் சொல்கிறாரே? தேவனிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, அது போதாதா? போதாது என்றால் யாருக்கு, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது? வளையலை விற்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

எவ்வளவு, எப்படி என்று கேட்பதற்காகத்தான் நீங்கள் எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள். யாக்கோபும் மருத்துவச்சிகளும் வள்ளுவரும் அதைக் கொஞ்சம் தள்ளிப்போட வந்தவர்கள். ஆனாலும் யாக்கோபைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டீர்கள். கூப்பிட்ட சாட்சியை முழுவதும் பேசவிட வேண்டும், ஆதியாகமம் 27-ஆம் அதிகாரத்தோடு இறக்கி அனுப்பிவிடக்கூடாது.

ஆசீர்வாதம் அவருக்குப் போனது உண்மைதான். ஆனால் அதைக் கொண்டுவந்தது வஞ்சனை அல்ல. பிள்ளைகள் இருவரும் வயிற்றில் இருக்கும்போதே, "மூத்தவன் இளையவனைச் சேவிப்பான்" என்று ரெபெக்காளுக்குச் சொல்லியாயிற்று (25:23). தானாக வரவிருந்ததைத் திருடி வாங்கினார் யாக்கோபு. கையிலும் கழுத்திலும் வெள்ளாட்டுக்குட்டித் தோல், உடம்பில் அண்ணன் உடுப்பு, எதிரே கண் மங்கிய தகப்பன். நீ யார் என்று கேட்டதற்கு ஏசா என்றார். வேட்டை எப்படி இத்தனை சீக்கிரம் கிடைத்தது என்று கேட்டதற்கு, உம்முடைய தேவனாகிய கர்த்தர் நேரிடப்பண்ணினார் என்றார். முதல் பொய்யைத் தாங்க இரண்டாவது பொய் வேண்டியிருந்தது. அதற்குக் கர்த்தருடைய பெயரையே முட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. நீங்கள் வீட்டில் சொன்ன சீட்டுக் கதையும் இப்படி முட்டுக்கொடுக்க வந்த ஒன்றுதான்.

இனி அந்த ஆசீர்வாதத்துக்கு அவர் கொடுத்த விலையைப் பாருங்கள். கொஞ்ச நாள் மாமன் வீட்டில் இருந்துவிட்டு வா என்றுதான் தாய் அனுப்பினாள். 20 வருடம் ஆயிற்று. தாயும் மகனும் மறுபடி முகம் பார்த்ததாக வேதத்தில் ஒரு வரி இல்லை. தகப்பனின் மங்கிய கண்ணை நம்பி ஏமாற்றியவருக்கு, கல்யாண இரவின் இருட்டில் மாமன் மகள் ராகேலுக்குப் பதில் அவள் அக்காள் லேயாள் வந்தாள். ஏன் எனக்கு வஞ்சகம்பண்ணினீர் என்று கேட்டால், மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது இங்கே வழக்கம் இல்லை என்கிறார் மாமன் லாபான். மூத்தவன் இடத்தில் போய் நின்ற இளையவனுடைய காதில் அது எப்படி விழுந்திருக்கும்! உங்கள் மாமா சொல்லும் "ஊர் வழக்கம்" இந்த லாபான் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. பிறகு சம்பளத்தைப் பத்துமுறை மாற்றினார்.

இதோடும் முடியவில்லை. 37-ஆம் அதிகாரத்தில் அவருடைய மகன்கள் ஒரு வெள்ளாட்டுக் கடாவை அடித்து, அதன் இரத்தத்தில், தாங்கள் விற்றுவிட்ட தம்பி யோசேப்பின் அங்கியைத் தோய்த்து அனுப்புகிறார்கள். இதைக் கண்டெடுத்தோம், உம்முடைய குமாரனுடையதா என்று பாரும் என்றார்கள். அவன் செத்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. முடிவைத் தகப்பனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள், அவரும் துஷ்டமிருகம் என்று தாமே சொல்லி அழுதார். வாயால் பொய் சொல்லாமல் ஏமாற்றுவது எப்படி என்று வேதத்தில் இதைவிடத் துல்லியமாகக் காட்டும் இடம் குறைவு. அன்று ஏமாற்ற உதவியதும் வெள்ளாடும் ஒரு மகனின் உடுப்பும், இன்று ஏமாற உதவியதும் அவையே. யோசேப்புக்கு அப்போது 17 வயது. பார்வோன் முன் நின்றபோது 30. செழிப்பு 7 வருடம், பஞ்சம் 2 வருடம் கழித்துத்தான் உண்மை வெளியே வந்தது. ஆக 22 வருடம் ஒரு கிழவர் செத்துப்போகாத மகனுக்காகத் துக்கம் காத்தார். பக்கத்திலிருந்து ஆறுதல் சொன்னவர்கள் அதே மகன்கள்.

யாக்கோபின் கதையில் உங்களுக்கு வேண்டிய பகுதி உண்மையில் 32, 33-ஆம் அதிகாரங்கள். யாப்போக்கு ஆற்றங்கரையில் "உன் பேர் என்ன" என்று அவரிடம் கேட்கப்படுகிறது. முன்பு ஒருமுறை இதே கேள்விக்குப் பொய்ப் பெயர் சொன்னவர் அவர். இந்த முறை "யாக்கோபு" என்கிறார். எத்தன் என்ற பொருளும் ஏறிய பெயர் அது. சொந்தப் பெயரைச் சொன்ன பிறகுதான் புதுப் பெயர் கிடைத்தது. அண்ணனிடமும் அவர் வெறுங்கையோடு போகவில்லை. 200 வெள்ளாடு, 20 கடா, 200 ஆடு, 20 ஆட்டுக்கடா, கறவை ஒட்டகம் 30, பசு 40, காளை 10, பெண்கழுதை 20, கழுதைக்குட்டி 10. ஒட்டகக் குட்டிகளை விட்டாலே 550 உருப்படி. ஏசா வேண்டாம் என்றதும், "என் காணிக்கையை ஏற்றுக்கொள்ளும்" என்று வருந்திக் கேட்கிறார். அந்த இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் சொல் "ஆசீர்வாதம்". எடுத்ததை எந்தப் பெயரில் எடுத்தாரோ அதே பெயரில் திருப்பிக் கொடுக்கிறார்.

மருத்துவச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சிப்பிராளும் பூவாளும் பார்வோனிடம் சொன்ன பதிலுக்காகப் பாராட்டப்படவில்லை. தேவனுக்குப் பயந்ததினால் அவர்கள் குடும்பம் தழைத்தது என்று யாத்திராகமம் 1:21 காரணத்தைத் தெளிவாகவே சொல்கிறது. அந்தப் பொய் பாவமா இல்லையா என்று அகஸ்டின் காலத்திலிருந்து சபையில் வாதம் நடக்கிறது. அவர் எந்தப் பொய்யையும் ஏற்கவில்லை, பின்னால் வந்த பலர் அவ்வளவு கறாராக இல்லை. என் கருத்து, அந்த வாதம் உங்கள் கடைவாசலுக்கே வராது என்பதுதான். கைக்குழந்தைகளைக் கொல்லச் சொன்ன அரசனிடம் அவர்கள் பேசினார்கள். நீங்கள் ஒரு பியி (8 பால்டின்) அரிசி வாங்க வந்த அம்மாளிடம் அளந்தீர்கள். வள்ளுவர் சொன்னதும் "புரைதீர்ந்த நன்மை" பயக்கும் என்றால் மட்டும்தான். அந்த அடைமொழியை விட்டுவிட்டுக் குறளைச் சொல்வதும் நெளிந்த டின்னால் அளப்பது மாதிரிதான்.

சின்னப் பொய் யாருக்கும் கேடு செய்யாது என்று நினைத்தால் 1 சாமுவேல் 21, 22-ஆம் அதிகாரங்களைச் சேர்த்து வாசியுங்கள். சவுல் ராஜாவுக்குத் தப்பிப் பசியோடு வந்த தாவீது, ராஜாவின் காரியமாக வந்தேன் என்று ஆசாரியனிடம் ஒரு பொய் சொன்னார். அப்பமும் ஒரு பட்டயமும் கிடைத்தன. அதன் விலை, அதைக் கேள்விப்பட்ட சவுல் கொல்லவைத்த 85 ஆசாரியர்களின் உயிரும் நோப் என்ற அவர்கள் ஊரும். தாவீது தப்பிவிட்டார், அவரை நம்பியவர்கள் செத்தார்கள். வஞ்சனையின் பலன் வஞ்சித்தவன் தலையில்தான் விழும் என்று ஒரு கட்டாயமும் இல்லை, பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவர் தலையில்தான் விழுகிறது.

"அப்போது தவறாகத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். தவறாகத் தெரியாத பணத்துக்குச் சீட்டுக் கதை எதற்கு? எரேமியா 17:9 இருதயத்தைத் திருக்குள்ளது என்று சொல்வது இதைத்தான். பிறரை ஏமாற்றுவதற்கு முன்னால் அது தன் சொந்தக்காரனிடம் ஒத்திகை பார்த்துக்கொள்கிறது.

சம்பள விஷயம் வேறு, அதில் உங்களுக்கு நியாயம் உண்டு. பத்து வருட உழைப்புக்குக் கூலி கொடுக்காமல் இருப்பதைப் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபம் 5:4 கடுமையாகவே பேசுகிறது. ஆனால் இரண்டு கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதாதீர்கள். அவர் உங்களுக்குக் கொடுக்க வேண்டியதை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். நீங்கள் எடுத்ததை வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். இதில் அதைக் கழித்துக்கொள்கிறேன் என்றால் எவ்வளவு கழிப்பது என்று முடிவு செய்பவர் மறுபடியும் நீங்கள் ஒருவர்தான். கல்லாவில் கைவைத்தபோதும் அப்படித்தானே நடந்தது. சம்பளப் பேச்சை, பணத்தைக் கொடுத்து முடித்து மூன்று நான்கு மாதம் கழித்து எடுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

தேவனிடம் கேட்ட மன்னிப்புப் போதாதா என்றீர்கள். லேவியராகமம் 6:1-7 ஒழுங்கைத் தெளிவாக வைக்கிறது. அயலானை வஞ்சித்தவன் முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும், அதைக் குற்றநிவாரணபலி இடும் அந்த நாளிலேயே உரியவன் கையில் கொடுக்க வேண்டும். பலி இன்றைக்கு, பணம் பிறகு என்பது கிடையாது. இயேசுவும் இதையே சொல்கிறார்: "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து" (மத்தேயு 5:24). நீங்கள் கேட்ட மன்னிப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. பாதி வழியில் நிற்கிறது என்கிறேன்.

ஐந்தில் ஒன்று மட்டும்தானா, வரி வசூலித்த சகேயு நாலத்தனையாகக் கொடுத்தாரே என்று கேட்பீர்கள். யாத்திராகமம் 22-இல் திருடிய ஆட்டை விற்றவன் நான்கு ஆடும், மாட்டை விற்றவன் ஐந்து மாடும், உயிரோடு கையில் வைத்திருந்து அகப்பட்டவன் இரட்டிப்பும் கொடுக்க வேண்டும். அவை பிடிபட்டவனுக்கு உரிய தண்டம். மனச்சாட்சி குத்தித் தானாக வருகிறவனுக்குத்தான் ஐந்தில் ஒன்று. எண்ணாகமம் 5:7 அதோடு பாவத்தை அறிக்கையிடுவதையும் சேர்க்கிறது. சகேயுவை ஒருவரும் பிடிக்கவில்லை. பிடிபட்டவனுக்குரிய அளவைத் தானே தன்மேல் போட்டுக்கொண்டார். அது அவருடைய மகிழ்ச்சி, உங்கள்மேல் சட்டம் அல்ல. நீங்கள் இன்னும் பிடிபடவில்லை. தானாகச் சொல்வதற்கு அவகாசம் இருக்கும்போதே சொல்லுங்கள்.

18 லட்சத்தில் ஐந்தில் ஒன்று 3,60,000. மொத்தம் 21,60,000 கியாட். யூத ரபீமார் கணக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல்: கூட்டிய பிறகு வரும் மொத்தத்தில் ஐந்தில் ஒன்று இருக்க வேண்டும் என்று கொண்டு 4,50,000 சேர்ப்பார்கள், 22,50,000 வரும். எதுவானாலும் உங்கள் விஷயத்தில் இது போதாது. காரணம் கியாட்டின் சரிவு. 2021 தொடக்கத்தில் டாலருக்கு ஏறக்குறைய 1,330-ஆக இருந்தது, 2022 ஆகஸ்டில் மத்திய வங்கியே 2,100 என்று வைத்தது, வெளிச்சந்தை அதற்கும் மேலே போயிற்று. 2022-இல் எடுத்த தாளை அதே எண்ணிக்கையில் இன்று திருப்பிக் கொடுத்தால், எண் சரியாக இருக்கும், பொருள் குறைந்திருக்கும். அதுவும் ஒரு நெளிந்த டின்தான்.

ஆகவே பணமாக எண்ணாமல் அரிசியாக எண்ணுங்கள். அரிசிக் கடைக்காரருக்கு இது சுலபம். ஒரு நோட்டில் 24 மாதத்தையும் வரிசையாக எழுதி, ஒவ்வொரு மாதமும் எடுத்த தொகையை எதிரே குறியுங்கள். ஞாபகம் இல்லாத மாதத்துக்குக் கூடுதலாகவே போடுங்கள், சந்தேகத்தின் பலன் மாமாவுக்குப் போகட்டும். பக்கத்தில் அந்த மாதம் கடையில் விற்ற ஒரே ரக அரிசி மூட்டையின் விலையைக் கொள்முதல் சீட்டைப் பார்த்து எழுதுங்கள். உதாரணத்துக்கு, மூட்டை 60,000-ஆக இருந்த மாதம் 1,20,000 எடுத்திருந்தால் அது இரண்டு மூட்டை. எல்லா மாதத்தையும் மூட்டையாகக் கூட்டி, இன்றைய மூட்டை விலையால் பெருக்கி, அதன்மேல் ஐந்தில் ஒன்று சேருங்கள். மாமா ஏற்றுக்கொள்ளக்கூடிய தொகை அதுதான். ஒரே தடவையில் முடியாவிட்டால் முதல் தவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசப் போங்கள், மீதிக்கு மாதமும் தொகையும் எழுதிய தாள் இருக்கட்டும். கடன் வாங்கிக் கொடுக்க வேண்டாம், அது பாரத்தை வேறொருவர் வீட்டுக்கு மாற்றுவதாகும்.

பேசும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜனங்களுக்குப் பொன் கன்றுக்குட்டி செய்துகொடுத்த ஆரோன், பொன்னை அக்கினியில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வந்தது என்றார் (யாத்திராகமம் 32:24). தானாக வந்ததாம்! "தப்பு நடந்துபோச்சு மாமா" என்பது இந்த வகை. சவுல், ஜனங்கள் செய்தார்கள் என்று தொடங்கி, பாவஞ்செய்தேன் என்று ஒப்புக்கொண்ட அதே மூச்சில், மூப்பர்கள் முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்டார் (1 சாமுவேல் 15:30). பொருளாளர் பதவி கையைவிட்டுப் போகாமல் அறிக்கை செய்ய நினைத்தால் இந்த வகையில் விழுவீர்கள். மூன்றாவது வகைதான் ஆபத்தானது: பாதியைச் சொல்வது. நிலத்தை விற்றுச் சபைக்குக் கொடுத்த அனனியாவின் பாவம் அந்தப் பணத்தில் பங்கு வைத்துக்கொண்டது அல்ல (அப்போஸ்தலர் 5). அது உன்னுடையதாயிருந்ததல்லவா என்று பேதுருவே கேட்கிறார். ஒரு பகுதியை வைத்து முழுவதும் இதுதான் என்று காட்டியதுதான் பாவம். 18 லட்சம் எடுத்தவர் 10 லட்சம் என்று அழுதால், அந்த அழுகை புதிதாக ஒரு பொய்.

தாவீது தீர்க்கதரிசி நாத்தானிடம் சொன்னது ஒரே வாக்கியம்: கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன். அந்த நீளம் போதும். நீங்கள் இப்படிச் சொல்லலாம்: "மாமா, 2022 ஜூலையிலிருந்து இரண்டு வருடம் கல்லாவிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் எடுத்தேன். மொத்தம் 18 லட்சம். இது மாதக் கணக்கு, இது முதல் தவணை." அதோடு நிறுத்துங்கள். "ஆனால்" என்ற சொல் வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். மன்னிக்கச் சொல்லி அந்த இடத்திலேயே நெருக்காதீர்கள். சாவியை வாங்கிக்கொண்டு போகச் சொன்னால் கொடுத்துவிட்டு வாருங்கள். தாவீதுக்கு மன்னிப்பு அந்த நிமிடமே கிடைத்தது, பலன் அவர் வீட்டைவிட்டு வெகுகாலம் போகவில்லை (2 சாமுவேல் 12:10-14). இரண்டும் ஒன்றாக நடக்கும். கிறிஸ்துமஸ் கூடுகையிலோ உறவினர் விருந்திலோ இதை ஆரம்பிக்க வேண்டாம், பலர் முன்னால் கேட்பவருக்குக் கோபப்படக்கூட இடம் இருக்காது. மாமா கைநீட்டக்கூடியவர் என்று பயம் இருந்தால், இருவருக்கும் மதிப்புள்ள ஒரு பெரியவரைக் கூட்டிப் போங்கள். அடிமை ஒநேசிமுவுக்காகப் பவுல் அவன் எஜமான் பிலேமோனுக்கு எழுதி நின்றாரே, அப்படி.

பால்டின்னையும் வீசையையும் அந்தப் பேச்சில் கலக்காதீர்கள். உங்கள் குற்றத்தைச் சொல்லப் போய் அவர் குற்றத்தையும் சொன்னால், அவர் கேட்பது இரண்டாவதை மட்டும்தான். அதற்கு இன்னொரு நாள் வேண்டும், ஆனால் தள்ளிப்போட வேண்டாம், ஒரு வாரம் போதும்.

அந்தப் பேச்சுக்கு முன்னால் கணக்கை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வீசை ஏறக்குறைய 1.633 கிலோ. (பர்மியர் பெயித்தா என்பார்கள். வெள்ளைக்காரன் ஏட்டில் அது "விஸ்" ஆனது நம்முடைய வீசையிலிருந்துதான். நம் ஊர் வீசை இதைவிடச் சிறியது, 1.4 கிலோ அளவு.) விற்கும்போது 1.6 என்று வைத்தால் வாங்குபவருக்கு வீசைக்கு 33 கிராம், நூற்றுக்கு இரண்டு, போகிறது. வாங்கும்போது 1.65 என்று வைத்தால் கொடுப்பவருக்கு 17 கிராம் போகிறது. மொத்தத்தில் 100 வீசை வாங்கி 103 வீசை விற்கிறீர்கள். பையில் பெரிதும் சிறிதுமான நிறைகற்களை வைத்திருக்காதே என்கிற உபாகமம் 25:13, மூலத்தில் "கல்லும் கல்லும்" என்று இருக்கிறது. இப்போது கல் இல்லை, கால்குலேட்டரில் இரண்டு எண் இருக்கிறது. அந்த வசனம் பயன்படுத்தாதே என்று கூடச் சொல்லவில்லை, வைத்திருக்காதே என்கிறது. ஆகவே நெளிந்த டின் அலமாரிக்கு அடியில் போவது போதாது, கடையைவிட்டே போக வேண்டும்.

போவதற்கு முன் அதை ஒருமுறை அளந்து வையுங்கள். நல்ல டின்னில் அரிசியைக் கொட்டி, அழுத்தாமல், கோலால் தலைதட்டி எடைபோடுங்கள். நெளிந்ததிலும் அதே அரிசியை அப்படியே. கை ஒரே மாதிரி விழாது, ஐந்து தடவை செய்து சராசரி எடுங்கள். வித்தியாசம் இருபதில் ஒன்று என்று வந்தால், 8 டின் கொண்ட ஒரு பியிக்கு 100 கிராமுக்குச் சற்றுமேல் குறைந்திருக்கிறது, 24 பியி மூட்டைக்கு 1.2 பியி. 20 மூட்டை விற்றதாகக் கணக்கு, வீடுகளுக்குப் போனது 19. இந்த எண்ணோடு மாமாவிடம் தனியாகப் பேசுங்கள் (மத்தேயு 18:15 தனியாகத்தான் தொடங்கச் சொல்கிறது). "நீங்கள் செய்தது" என்று தொடங்காமல், "நான் இனி இந்த டின்னால் அளக்கமாட்டேன், வீசைக்கு இரண்டு பக்கமும் 1.633 தான் போடுவேன்" என்று உங்கள் கையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். தானியேல் ராஜபோஜனத்தை மறுத்தபோதும் சண்டை பிடிக்கவில்லை, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டார். நீங்களும் மூன்று மாதம் கேளுங்கள். விலையில் லாபத்தை வெளிப்படையாக வைத்துக்கொள்ளலாம், அதில் குற்றம் இல்லை. அவர் முடியாது என்று முடிவாகச் சொன்னால், அளக்கிற வேலையை விட்டு விலக வேண்டியிருக்கும். அது கஷ்டம்தான், ஆனாலும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அளவில் இழந்தவர்களுக்கு என்ன செய்வது? பற்று நோட்டில் பெயர் உள்ள வீடுகளை முதலில் எடுங்கள். மாதம் எத்தனை பியி, எத்தனை வருடம் என்று அதிலேயே இருக்கும். குறைந்ததை அரிசியாகவே, ஐந்தில் ஒன்று கூட்டி, "அளவில் குறைந்துவிட்டது, அது எங்கள் தவறு" என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாமல் ரகசியமாக அதிகம் அளந்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள், அவர்கள் அதைத் தாராளம் என்று நினைத்து உங்களைப் புகழ்வார்கள். பர்மியர், சீனர், நம்மவர் என்று பிரிக்க வேண்டாம், டின் பிரிக்கவில்லை. அளந்த கை உங்களுடையது என்பதால் உங்கள் பங்கையாவது உங்கள் பணத்தில் செய்யுங்கள், மாமாவின் கல்லாவிலிருந்து அல்ல. பெயர் தெரியாத வாடிக்கையாளர் பங்குக்கு எண்ணாகமம் 5:8 வழிகாட்டுகிறது: வாங்கிக்கொள்ள உரியவன் இல்லாதபோது அது கர்த்தருக்கு உரியதாகிறது. இன்று அதை அரிசிக்குத் திண்டாடும் வீடுகளுக்கு அரிசியாகக் கொடுப்பதே பொருத்தம் என்பேன். சபைக் காணிக்கையில் பெயரோடு போடுவது வேண்டாம். கொள்ளைப்பொருளால் இடப்பட்ட தகனபலியை வெறுக்கிறேன் என்று ஏசாயா 61:8-இல் இருக்கிறது.

பொருளாளர் பதவியை இப்போது மறுத்துவிடுங்கள். 1 தீமோத்தேயு 3:10 முன்னதாகச் சோதிக்கப்பட வேண்டும் என்கிறது. பவுலே எருசலேமுக்குப் பணம் கொண்டுபோனபோது தனியாகத் தொடவில்லை, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று பலரைச் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19-21). போதகரிடம் "ஒரு பணவிஷயத்தைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன், இரண்டு வருடம் போகட்டும்" என்று சொன்னால் போதும். நேரமில்லை என்று காரணம் சொல்லாதீர்கள், அதுவும் பொய்தான்.

மாமாவிடம் போகும் முன் மனைவியிடம் சொல்லுங்கள், அவர் பெற்ற தகப்பன் வாயிலிருந்து அவர் இதைக் கேட்கக்கூடாது. மூன்றுமணி நேரம் கழித்து வந்த அனனியாவின் மனைவி சப்பீராளிடம் பேதுரு தனியாகக் கேட்டார், அவள் பதில் அவளுடையதாக இருந்தது. உங்கள் மனைவி இதில் கூட்டாளி அல்ல. அப்பாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கி அவரைக் கூட்டாளி ஆக்கிவிடாதீர்கள். மாதக் கணக்கு நோட்டையே காட்டுங்கள், வளையல் வாங்கிய மாதம் அதில் இருக்கும்.

வளையலை விற்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். சீட்டுப் பணம் என்று நம்பிப் போட்டுக்கொண்டவர் அவர். நோட்டைப் பார்த்த பிறகு அவரே கழற்றிக் கொடுத்தால் தவணையில் சேருங்கள். கொடுக்காவிட்டால் கேட்காதீர்கள், அந்தத் தொகையையும் உங்கள் உழைப்பிலிருந்தே கட்டுங்கள்.